அடுத்தவங்க அழுக்கைத் திருடாம விமானத்துக்கு பெயின்ட் அடிக்கிறது எப்படி?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை விட்டுவிட்டு, வாசிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். போன மாசம் ஒரு எபிசோட்ல போற போக்குல, "நான் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு லிவரி பண்ணுவேன்"னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். அது என்ன, எங்க இருந்து ஆரம்பிக்கிறது? எங்க வீட்டுலயும் இந்தக் குழப்பம் இருந்தது. முதல் தடவை அம்மாகிட்ட "ராத்திரி லிவரி வேலை இருக்கும்மா"ன்னு சொன்னப்ப, அவங்க பதறிப்போய் "லிவருக்கு என்னடி ஆச்சு?"ன்னு கேட்டாங்க.

லிவரின்னா விமானம் போட்டிருக்கிற சட்டை. நிறம், லோகோ, வால்ல இருக்கிற டிசைன், கதவுப் பக்கத்துல இருக்கிற குட்டிக் குட்டி எழுத்து, எல்லாம் சேர்ந்தது. சிமுலேட்டர்ல நீங்க ஓட்டுற விமானத்துக்கு அந்தச் சட்டையை நீங்களே தைச்சுப் போடலாம். அதுக்குப் பைலட் ஆகணும்னு இல்லை, நல்லா வரையத் தெரியணும்னு கூட இல்லை. எனக்கு ஒரு நேர்கோடு போடவே ஸ்கேல் வேணும்.

எனக்கு இந்த ஆசை வந்தது ஒரே ஒரு விமானத்தால. 2016ல 'கபாலி' ரிலீஸ் நேரம் ஞாபகம் இருக்கா? ஏர் ஏஷியா இந்தியா ஒரு ஏர்பஸ் ஏ320க்கு ரஜினி படத்தோட பெயின்ட் அடிச்சுப் பறக்க விட்டாங்க. பெங்களூர்ல இருந்து ரசிகர்களை ஏத்திக்கிட்டு ரிலீஸ் அன்னிக்குச் சென்னைக்கு ஒரு ஃப்ளைட்டே வந்தது. அந்த போட்டோவை நான் ரொம்ப நாள் வால்பேப்பரா வச்சிருந்தேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 வந்து, நானும் ஒரு வழியா அதை வாங்கினதும் முதல்ல தோணினது இதுதான்: அந்த விமானத்தை நானே மீனம்பாக்கத்துல இறக்கணும்.

ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. மனசுக்குப் பிடிச்ச, உலகத்துலயே கஷ்டமான விமானத்துல போய் முதல் கை வைப்பாங்க.

ஏன் கஷ்டம்னு சொல்றேன். தையல்கடையில ஒரு பிளவுஸை வெட்டிப் போட்டிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. முன்பக்கம் ரெண்டு துண்டு, முதுகு ஒண்ணு, கை ரெண்டு, எல்லாம் ஒரே துணியில அங்கங்க திரும்பிக் கிடக்கும். சிமுலேட்டர் விமானமும் அப்படித்தான். விமானத்தோட முப்பரிமாண உடம்பை வெட்டிப் பிரிச்சு, சதுரமான ஒரு படத்துல பரப்பி வச்சிருப்பாங்க. இதுக்கு யு.வி. மேப்னு பேரு. மூக்கு ஒரு மூலையில இருக்கும், வால் தலைகீழா இன்னொரு மூலையில இருக்கும், இன்ஜின் கவர் வேற ஃபைல்லயே இருக்கும். நீங்க பெயின்ட் அடிக்கிறது இந்தத் தட்டையான படத்து மேல. சிமுலேட்டர் அதை எடுத்து விமானத்து மேல போர்த்திடும்.

வெறும் வெள்ளை விமானத்துல வால் மட்டும் சிவப்புன்னா பிரச்சினையே இல்லை. ஆனா பாடியில ஆரம்பிச்சு சாய்வா மேல ஏறி வால் வரைக்கும் போற ஒரு பட்டை இருக்குன்னு வச்சுக்கோங்க. படத்துல பாடி ஒரு துண்டு, வால் வேற துண்டு. ரெண்டு இடத்துலயும் தனித்தனியா வரைஞ்சு, சேர்ற இடத்துல அச்சு அசலா பொருந்த வைக்கணும். ரெண்டு பிக்சல் தள்ளினா போதும், பட்டன் மாத்திப் போட்ட சட்டை மாதிரி தெரியும். இதுல ஒரு மனுஷ முகத்தை வளைவான உடம்பு மேல, ஜன்னல் வரிசைக்கு நடுவுல உட்கார வைக்கணும்னா? நான் பண்ண முதல் கபாலியில ரஜினி சாருக்கு ஒரு கண்ணு கதவுக்கு இந்தப் பக்கம், இன்னொரு கண்ணு ஒரு இன்ச் கீழே. ரசிகர்கள் யாராவது பார்த்திருந்தா வீடு தேடி வந்திருப்பாங்க.

பதினஞ்சு நாள் போராடினேன். அப்புறம் பண்ணதுதான் இன்னிக்கு நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம்.

லிவரி டவுன்லோட் பண்ற தளத்துல அதே ஏ320க்கு ஒருத்தர் ஒரு வெள்ளை விமானம் போட்டிருந்தார். அவ்வளவு அழகு. வெள்ளைன்னா சும்மா வெள்ளை இல்லை. தகடு சேர்ற கோடு ஒவ்வொண்ணும் தெரியும். சக்கரம் மடங்கற இடத்துக்குப் பின்னாடி எண்ணெய்க் கறை, வயிற்றுப் பகுதியில மெல்லிசா பின்பக்கமா ஓடுற புகைக் கோடு, கதவுக் கைப்பிடியைச் சுத்திக் கை பட்ட அழுக்கு. நான் அதை டவுன்லோட் பண்ணி, அதோட படத்தைத் திறந்து, அது மேலேயே என் சிவப்பையும் லோகோவையும் ஒட்டினேன். முகத்தை விட்டுட்டேன், சாதாரண சிவப்பு டிசைன்தான். ஒரே ராத்திரியில விமானம் நிஜம் மாதிரி வந்துடுச்சு. அதே தளத்துல என் பேர்ல அப்லோடு பண்ணேன். "என் முதல் லிவரி"ன்னு தலைப்பு வேற.

ரெண்டு நாள்ல முந்நூறு பேர் டவுன்லோட் பண்ணாங்க. எனக்கு அன்னிக்கெல்லாம் ஆபீஸ்ல வேலையே ஓடலை. போனை எடுத்து எடுத்து நம்பரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

மூணாவது நாள் அவர்கிட்ட இருந்து மெசேஜ். வேற நாட்டுக்காரர். திட்டலை. ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தார். என் விமானத்தோட முன் சக்கரக் கதவு, உள்பக்கம், ரொம்பப் பெருசாக்கின படம். அதுல சாம்பல் நிறத்துல குட்டியா ஒரு பேர் எழுதியிருந்தது. அவர் பொண்ணோட பேராம். அவர் பண்ற ஒவ்வொரு விமானத்துலயும் அந்த இடத்துல அதை எழுதி வைப்பாராம். அது என் "முதல் லிவரி"யிலயும் பத்திரமா இருந்தது. கீழ ரெண்டே வரி. சிவப்பு நல்லா இருக்கு, ஆனா அந்த அழுக்கு என்னோடது, அதுக்கு எனக்கு நாலு வீக்கெண்ட் ஆச்சுன்னு எழுதியிருந்தார்.

காது சூடாகிடுச்சு. உடனே எடுத்துட்டேனான்னா, இல்லை. உண்மையைச் சொல்றேன், ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன். அந்தப் பேரை மட்டும் அழிச்சுட்டு விட்டுடலாமான்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. முந்நூறு டவுன்லோட் அப்படி ஒரு போதை. அவரோட ஃபோல்டர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருந்தது, ரீட் மீன்னு. அதுவரைக்கும் நான் அதைத் திறக்கவே இல்லை. அன்னிக்கு ராத்திரி திறந்தேன். கேட்காம இதை வச்சு வேற எதுவும் பண்ணி வெளியிட வேண்டாம்னு தெளிவா இருந்தது. காலையில எடுத்துட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "நன்றி"ன்னு ஒரே வார்த்தையில பதில் வந்தது. அவ்வளவுதான்.

அதனால டூல்ஸ் பத்தி பேசறதுக்கு முன்னாடி இந்த வித்தியாசத்தைச் சொல்லிடறேன். பெயின்ட் கிட்னு ஒண்ணு உண்டு. விமானத்தை உருவாக்கினவங்களே, இல்லைன்னா அனுமதியோட வேற யாராவது, "இந்தாங்க, இது மேல பெயின்ட் அடிங்க"ன்னு லேயர் லேயரா பிரிச்சுக் குடுக்கிற ஃபைல். தகட்டுக் கோடு ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர், அழுக்கு ஒரு லேயர்னு இருக்கும். அதை எடுத்து அடியில உங்க நிறத்தைப் போடலாம். அதுக்குத்தான் அது இருக்கு. ஆனா இன்னொருத்தர் முடிச்சு வெளியிட்ட லிவரி கிட் கிடையாது. அது அவங்க வேலை. வீட்டுல உங்க கம்ப்யூட்டர்ல நோண்டிப் பார்த்துக் கத்துக்கோங்க, யாரும் வந்து கேட்க மாட்டாங்க. வெளியிடறதா இருந்தா கேட்டுட்டு வெளியிடுங்க. நிறைய பேர் சரின்னுதான் சொல்வாங்க, பேரைப் போட்டா போதும்பாங்க. இன்னொண்ணு, ஏர்லைன் லோகோவோ சினிமா போஸ்டரோ இருக்கிற லிவரியை விக்காதீங்க. அந்த லோகோ நம்மளோடது இல்லை.

சரி, இப்ப ஆரம்பத்துக்கு வருவோம். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ஏ320யை மூடி வச்சுட்டு செஸ்னா 172க்குப் போனேன். நாலு பேர் உட்கார்ற சின்ன விமானம், நிஜத்துல நிறைய பேர் ஓட்டக் கத்துக்கிறதே இதுலதான். பெயின்ட் கத்துக்கவும் இதுதான் சரி. அதுக்குக் கணக்கு இருக்கு. ஏ320யோட நீளம் 37.57 மீட்டர். அந்த நீளம் முழுக்க 4096 பிக்சல்ல அடங்குதுன்னு வச்சா, ஒரு பிக்சல் 0.9 சென்டிமீட்டருக்கு மேல. அப்ப கதவுப் பக்கத்துல ரெண்டரை சென்டிமீட்டர் உயரத்துல இருக்கிற எச்சரிக்கை எழுத்து மூணு பிக்சல்கூட வராது. மூணு பிக்சல்ல என்ன எழுத முடியும்? அதனாலதான் பெரிய விமானத்துல படத்தைப் பல துண்டாப் பிரிச்சு, இன்னும் பெரிய சைஸ்ல குடுப்பாங்க. துண்டு கூடக் கூட தையலும் கூடும். செஸ்னா 172ஓட நீளம் 8.28 மீட்டர்தான். அதே 4096ல ஒரு பிக்சல் ரெண்டு மில்லிமீட்டர். சின்ன எழுத்துகூட படிக்கிற மாதிரி வரும், ஒட்ட வேண்டிய துண்டும் குறைச்சல்.

சிமுலேட்டரும் மாத்தினேன். எக்ஸ்-பிளேன்ல லிவரி போடறது ரொம்ப எளிது. ஒவ்வொரு விமானத்தோட ஃபோல்டருக்குள்ளயும் லிவரீஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள உங்க லிவரிக்கு ஒரு பேர் வச்சு ஃபோல்டர் போடுங்க, அதுக்குள்ள ஆப்ஜெக்ட்ஸ்னு இன்னொரு ஃபோல்டர். ஏற்கெனவே இருக்கிற ஒரு லிவரியில எந்த பேர்ல படம் இருக்கோ அதே பேர்ல உங்க படத்தை அதுக்குள்ள வைக்கணும். பேர்ல ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. நீங்க வைக்காத படத்துக்கு அது பழசையே எடுத்துக்கும். அதனால பாடியை மட்டும் மாத்தணும்னா பாடி படம் மட்டும் போதும். எக்ஸ்-பிளேன் டெமோ இலவசம்தான். அதுக்கும் உங்க லேப்டாப் ஒத்துவரலைன்னா ஃப்ளைட்கியர்னு முழுக்க இலவசமான ஓப்பன் சோர்ஸ் சிமுலேட்டர் இருக்கு, அதுலயும் செஸ்னா 172 இருக்கு. காசு இல்லைன்னு யாரும் இதை ஒதுக்க வேண்டாம். வரைய ஜிம்ப் இல்லைன்னா கிரிட்டா, லோகோவுக்கு இங்க்ஸ்கேப், எல்லாம் இலவசம். எதுவுமே இன்ஸ்டால் பண்ண முடியாத ஆபீஸ் லேப்டாப்பா, பிரவுசர்லயே ஓடுற ஃபோட்டோபி இருக்கு. லேயர் ஃபைலைத் திறக்கும். ஆபீஸ் லேப்டாப்ல பண்ணலாமான்னு என்னைக் கேட்காதீங்க.

முதல் லிவரியில ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. பதிவு எண்ணை. இந்திய விமானம்னா வி.டி., அதுக்கப்புறம் மூணு எழுத்து. மலேசியா 9எம், சிங்கப்பூர் 9வி, இலங்கை 4ஆர். இருக்கிற எண்ணை அழிச்சுட்டு உங்க மூணு எழுத்தைப் போட்டு, சேவ் பண்ணி, சிமுலேட்டர்ல போய்ப் பாருங்க. சப்புன்னு இருக்கும். ஆனா அதுலயே பாதி பாடம் வந்துடும். எந்தப் படம் எந்தப் பாகம், எந்தப் பக்கம் மேல, எது திரும்பிக் கிடக்கு, எல்லாம் தெரிஞ்சுடும். எனக்கு முதல் தடவை இடது பக்கம் சரியா வந்துச்சு, வலது பக்கம் எழுத்து வால்ல இருந்து மூக்கைப் பார்த்துத் தலைகீழா நின்னுச்சு. இன்னொரு வழியும் உண்டு. படம் முழுக்க கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் எழுதி விமானத்து மேல போர்த்திடுங்க. பார்க்க கிராஃப் நோட்டு பறக்கிற மாதிரி இருக்கும், ஆனா 47ஆம் நம்பர் கட்டம் கதவுக்குக் கீழே இருக்குன்னு கண்ணாலேயே தெரியும்.

எழுத்தோட அளவுக்கும் விதி இருக்கு, கண்ணளவுல போடாதீங்க. சர்வதேச விதிப்படி பாடியில பதிவு எண் 30 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கணும், ரெக்கைக்கு அடியில 50 சென்டிமீட்டர். நம்ம செஸ்னா கணக்குல 30 சென்டிமீட்டர்னா சுமார் 150 பிக்சல். இப்படி அளந்து போட்டா விமானம் உடனே நிஜம் மாதிரி ஆகும். என்ன மாறுச்சுன்னு பார்க்கிறவங்களுக்குச் சொல்லத் தெரியாது.

அப்புறம் நிறம். இந்தப் படங்களுக்கு டெக்ஸ்ச்சர்னு பேரு. இப்ப வர்ற சிமுலேட்டர்ல ஒரு பாகத்துக்குப் பல டெக்ஸ்ச்சர் இருக்கும். ஆல்பீடோங்கிறது வெறும் நிறம். இன்னொண்ணு எந்த இடம் வழவழப்பு, எந்த இடம் சொரசொரப்பு, எது உலோகம்னு சொல்லும். மூணாவது மேடு பள்ளம். வெளிச்சத்தையும் நிழலையும் சிமுலேட்டரே போட்டுக்கும். அதனால ஆல்பீடோவுல நீங்க நிழல் வரையாதீங்க. ரெண்டு நிழல் விழும், விமானத்துக்குக் கண்ணுல கருவளையம் வந்த மாதிரி இருக்கும். வெள்ளையையும் முழு வெள்ளையா வைக்காதீங்க. 255க்கு 255 போட்டா மத்தியான வெயில்ல விமானம் ட்யூப்லைட் மாதிரி எரியும். நான் 230 பக்கத்துல வைப்பேன்.

இப்ப அழுக்கு. நான் திருடின விஷயம் இதுதான், அதனால இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன்.

அவரோட அழுக்கை எடுத்துட்டதுக்கு அப்புறம் என் விமானம் எல்லாம் கடையில வாங்கின பொம்மை மாதிரி இருந்துச்சு. ஜிம்ப்ல ஒரு பிரஷ் எடுத்து அங்கங்க பழுப்பா தடவினேன். இன்னும் மோசம், கூவத்துல குளிச்சுட்டு வந்த மாதிரி ஆச்சு. சரி, நிஜ விமானம் எப்படித்தான் அழுக்காகுதுன்னு பார்க்கலாம்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைக்குப் போனேன். மேல இருந்து பார்த்தா ஏர்போர்ட் நல்லாத் தெரியும். ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. கேமரா எடுத்துக்கிட்டுப் போகலை. ஏர்போர்ட் பக்கம் கேமராவை நீட்டி யார்கிட்டயும் பதில் சொல்லிக்கிட்டு நிக்க எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்துல இருந்து எடுத்த போட்டோ ஏகப்பட்டது ஸ்பாட்டர்கள் நெட்ல போட்டிருக்காங்க. பார்த்து நோட்டுல எழுதிக்க அது போதும்.

மூணு மணி நேரம் அங்க இருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து போட்டோக்களை ஒண்ணொண்ணா பெருசாக்கிப் பார்த்தேன். அப்பத்தான் புரிஞ்சது. விமானத்துல அழுக்குக்கு ஒரு திசை இருக்கு. எல்லாம் காத்து போற பக்கமா, முன்னாடி இருந்து பின்னாடி ஓடும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு தொடக்கம் உண்டு. ஒரு வடிகுழாய், ஒரு மூடி, ஒரு தகட்டு இடுக்கு. அங்க கருப்பா ஆரம்பிச்சு, போகப் போக மெலிஞ்சுடும். சக்கரக் குழிக்குப் பின்னாடி ஹைட்ராலிக் எண்ணெய். வயிறு எப்பவும் முதுகை விட அழுக்கு. லோடிங் பண்ற கதவோட விளிம்பு எல்லாம் சுரண்டி இருக்கும், ஏன்னா அங்க தினமும் மனுஷங்க வேலை செய்யறாங்க. செஸ்னாவுல இன்ஜின் புகை மூக்குக்கு அடியில வெளிய வந்து வயித்துலயே படியும். ஏறுற இடத்துல செருப்புத் தடம். பெரிய விமானத்துல இன்ஜின் வாய் விளிம்பு பெயின்ட் இல்லாம வெறும் உலோகமா பளபளன்னு இருக்கும், அதை வெள்ளையா அடிச்சா தப்பு. மூக்கு நுனி அதுக்கு நேர் எதிர். அதுக்குள்ள வானிலை ரேடார் இருக்கு, உலோகம் கலந்த பெயின்ட் அடிச்சா ரேடார் அலையை மறைச்சிடும். அதனால அங்க வெள்ளிப் பளபளப்பு வைக்காதீங்க.

இப்ப நான் அழுக்கு போடற முறை இதுதான். ஒவ்வொரு கறைக்கும் "எங்க இருந்து வந்த?"ன்னு கேட்பேன். பதில் இல்லைன்னா அழிச்சுடுவேன். அப்புறம் அதே கறையை அந்த வழவழப்பு டெக்ஸ்ச்சர்லயும் போடணும். நிறத்துல மட்டும் போட்டா வெயில் படும்போது கறையும் பெயின்ட் மாதிரி மின்னும். பார்த்தா அழுக்கு மேல மெழுகு தேய்ச்ச மாதிரி இருக்கும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஒரு செஸ்னாவோட வயித்துக்கு மட்டும் எனக்கு மூணு வீக்கெண்ட் போச்சு. மூணாவது ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் அந்த நாலு வீக்கெண்ட் கணக்கு எனக்கு உறைச்சது.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்தான் வேணும்ங்கிறவங்களுக்கு வேகமா சொல்லிடறேன். 2020 பதிப்புல கம்யூனிட்டின்னு ஒரு ஃபோல்டர்ல உங்க பேக்கேஜை வைக்கணும். படத்தை டி.டி.எஸ். வடிவத்துல மாத்தணும். 4096க்கு 4096 படம் சுருக்காம மெமரியில 64 மெகாபைட் பிடிக்கும், டி.டி.எஸ்.ல பி.சி.7 முறையில சுருக்கினா 16. மாத்தும்போது மிப்மேப்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்க. கூட மூணுல ஒரு பங்கு இடம் எடுக்கும், ஆனா அது இல்லைன்னா தூரத்துல இருந்து பார்க்கும்போது கோடெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி மினுங்கும். லேஅவுட்ங்கிற ஜேசான் ஃபைல்ல பேக்கேஜ்ல இருக்கிற ஒவ்வொரு ஃபைலோட பேரும் அளவும் இருக்கணும். அதுல பேர் இல்லாத ஃபைலை சிமுலேட்டர் கண்டுக்கவே கண்டுக்காது. லிவரி போட்டும் பழைய நிறமே வருதுன்னா முதல்ல அங்க பாருங்க. அந்த லிஸ்டை தானா எழுதிக் குடுக்க ஒரு சின்ன டூல் இருக்கு, லேஅவுட் ஜெனரேட்டர்னு தேடுங்க. நீங்க போட்ட பதிவு எண்ணுக்கு மேல சிமுலேட்டரும் தானா ஒரு எண்ணை எழுதி ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு தெரிஞ்சா, பேனல் டாட் சி.எஃப்.ஜி. ஃபைல்ல போய் அதை நிறுத்தணும். 2024 பதிப்புல இந்த அமைப்பு மாறியிருக்கு, 2020க்குச் சொன்னது அப்படியே ஒட்டாது.

என் முதல் சொந்த லிவரி என்னன்னு சொல்லலையே. செஸ்னாவை ஆட்டோ ஆக்கினேன். உடம்பு மஞ்சள், மேல கருப்பு, பின்பக்கம் "பிரசவத்திற்கு இலவசம்". நம்ம ஊர் ஆட்டோ பின்னாடி பார்த்து வளர்ந்த எழுத்து, அதை வால்ல போடணும்னு ஆசை. அந்த ஒரு வரிக்கு ரெண்டு நாள். சில மென்பொருள்ல தமிழ் எழுத்து உடையும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போயிடும். இங்க்ஸ்கேப்ல எழுதி, எழுத்தைக் கோட்டு வடிவமா மாத்தி, அப்புறம் படத்துல ஒட்டினேன். அதுல அழகு வரலை, ஏன்னா கம்ப்யூட்டர் எழுத்துல ஆட்டோ இல்லை. கடைசியில கையால எழுதி, போன்ல போட்டோ எடுத்து, அதை ட்ரேஸ் பண்ணேன். 'ச' கொஞ்சம் சாய்ஞ்சுதான் இருக்கு. அப்படியே விட்டுட்டேன்.

ரீட் மீ ஃபைல்ல எல்லாத்தையும் எழுதினேன். அடிப்படைப் படம் யாரோடது, எழுத்து என் கையெழுத்து, அழுக்கு என்னோடது. ஆமா, அதையும் எழுதினேன். முன் சக்கரக் கதவுல ஏதாவது பேர் எழுதலாமான்னு யோசிச்சேன், அது அவரோட இடம்னு விட்டுட்டேன். அப்லோடு பண்ணி முதல் வாரம் பதினாலு டவுன்லோட். அதுல ரெண்டு நானே பண்ணது, சரியா இறங்குதான்னு பார்க்க.

ஒரு வாரம் கழிச்சு தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு அவருக்கு லிங்க் அனுப்பினேன். ஞாபகம் இருக்கான்னு தெரியலை, உங்க அழுக்கை எடுத்தது நான்தான், இது நானே பண்ணதுன்னு எழுதினேன். நாலு நாள் பதிலே இல்லை. அஞ்சாவது நாள் வந்துச்சு. வயித்துப் புகைக் கோடு நல்லா இருக்குன்னு ஒரு வரி. மஞ்சள் ஏன், அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்னு ஒரு கேள்வி. பிரசவத்துக்கு ஆட்டோ இலவசம்ங்கிறதை அவருக்குப் புரிய வைக்க எனக்கு மூணு பாரா ஆச்சு. கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட், பெருசாக்கினது. இந்தத் தடவை என் விமானத்தோட இடது ரெக்கை, அடிப்பக்கம். பதிவு எண்ணோட தலை ரெக்கையின் முன் விளிம்பைப் பார்த்து இருக்கணும், உன்னோடது வாலைப் பார்த்து இருக்குன்னு எழுதியிருந்தார்.

போய்ப் பார்த்தேன். ஆமா, தலைகீழ். ரெக்கையோட அடிப்பக்கம் படத்துல திரும்பிக் கிடக்கு, நான் கவனிக்கலை. பதினாலு பேரும் சொல்லலை.

இந்த எபிசோட் போடறதுக்குள்ள அதைச் சரி பண்ணிடணும்னு நினைச்சேன், முடியலை. இன்னிக்கு ராத்திரி உட்காரணும். லிங்க் கேட்டவங்க நாளைக்கு வரைக்கும் பொறுங்க.